பதில் சொல்லாதவர்கள் மீது குற்றமில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று மட்டும் போடாதீர்கள். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவன் நான்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் படித்து, இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு பெண், கூகுள் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தாள். வீட்டில் நடக்கும் வன்முறை, குடிப்பழக்கம், மனச்சோர்வு இவற்றைப் பற்றிய கேள்விகள். 200 பேருக்கு மேல் இருக்கும் குழுவில், 10 நாள் கழித்தும் 15 பேர்கூட நிரப்பவில்லை. அந்தப் பிள்ளை வருத்தப்பட்டு எழுதினாள். உடனே ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள்.

"படிச்சவங்களுக்கே சமூகப் பொறுப்பு இல்லன்னா எப்படி?" என்றார் ஒருவர். "நம்ம ஜனங்க எப்பவுமே உண்மையச் சொல்ல மாட்டாங்க" என்றார் இன்னொருவர். "நம்ம பசங்க வீட்ல அந்த மாதிரி பிரச்னையே கிடையாது, அதான் யாரும் நிரப்பல" என்று ஒருவர் பெருமைப்பட்டுக்கொண்டார். கடைசியில் ஒருவர் எழுதியதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: "சார் ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லாரும் நிரப்பிடுவாங்க."

சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் சொல்லாதவர்கள் மீது குற்றமில்லை. உண்மையைச் சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையைக் கொடுக்காமல் கேட்டவர்கள் மீது குற்றம். கேட்கும்போது பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த குடும்பத்தார் மீது குற்றம். "நான் சொன்னா எழுதுவாங்க" என்று அதிகாரத்தைக் கடன் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் மீது எல்லோரையும்விட அதிகக் குற்றம்.

அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று யூகிக்காதீர்கள். கமெண்டில் பெயர் எழுதினால் அழித்துவிடுவேன்.

1990-களில் ஓர் அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு ஒரு கட்டு படிவம் வந்தது. வீட்டில் யாராவது குடிக்கிறார்களா, சண்டை நடக்குமா, அடி விழுமா என்றெல்லாம் கேள்விகள். மேலே பெரிய எழுத்தில் "இரகசியமானது" என்று அச்சிட்டிருந்தது. நான் வகுப்பாசிரியர். தாள் தொலைந்தால் என்னைக் கேட்பார்களே என்று, ஒவ்வொன்றிலும் பெயரும் வரிசை எண்ணும் எழுதச் சொன்னேன். பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுதுவது இன்னொருவனுக்குத் தெரியும். நான் பிரம்போடு நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு பையன் எதையும் நிரப்பாமல் வைத்திருந்தான். எழுப்பி நிற்க வைத்தேன். "என்னடா, இதுக்குக்கூடப் பதில் தெரியாதா? வீட்ல அப்பா அம்மாவை அடிப்பாரா, மாட்டாரா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். "இல்ல சார்" என்றான். "அப்ப 'இல்லை'ன்னு போடு" என்றேன். எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டான். அன்று மாலை ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே அந்தத் தாள்களைப் புரட்டி, யார் வீட்டில் என்ன என்று பேசவும் செய்தோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய அம்மா டி.சி. வாங்க வந்தார். தாய்வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னார். முந்தானையால் முகத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தார். மூடினாலும் வீக்கம் தெரிந்தது. பையன் என்னைப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கோ ஓர் அலுவலகத்தில் அவன் தாளும் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். எங்கள் பள்ளியில் 100 சதவீதம் பேர் பதில் கொடுத்தார்கள் என்று பாராட்டுகூட வந்தது. அந்த 100 சதவீதத்தில் ஒரு பொய்யாவது நான் சொல்லி எழுதப்பட்டது. அன்றைக்குப் பிடித்த வெறுப்பு இது. எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்று மட்டும் பார்த்து, எத்தனை பேரால் உண்மை சொல்ல முடிந்தது என்று பார்க்காத ஆய்வு எனக்கு ஆகாது.

சரி, இப்போது நம் குழுவுக்கு வந்த படிவத்துக்கு வருவோம். ஆய்வு செய்யும் பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். அவள் வழிகாட்டிகள்தான் இதையெல்லாம் முதலில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். முதல் கேள்வி பெயர். இரண்டாவது கைபேசி எண். பிறகு ஊர், வேலை, திருமணமான ஆண்டு. அதற்கு அப்புறம், "உங்கள் கணவர் உங்களை எப்போதாவது அடித்ததுண்டா?" கீழே, "உங்கள் தகவல்கள் பாதுகாக்கப்படும்" என்று ஒரு வரி. யார் பாதுகாப்பார்கள், எங்கே வைப்பார்கள், எத்தனை நாள் கழித்து அழிப்பார்கள், எதுவும் இல்லை. அதே குழுவில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்திருப்பவர்கள் எத்தனை ஜோடி! பல வீடுகளில் ஒரே கைபேசிதான். மனைவியின் போனுக்கு ரகசிய எண் போட்டுக் கொடுத்ததே கணவன்தான். இதில் எந்தப் பெண் 'ஆம்' என்று அழுத்துவாள்? அழுத்தாமல் விட்டவள் புத்திசாலி. என்னிடம் படித்த கணக்கு அவளுக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

"பிரச்னையே கிடையாது, அதான் நிரப்பல" என்றவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, விடை எழுதாத கேள்விக்கு நான் பூஜ்யம் போட்டது பரீட்சையில். ஆய்வில் அப்படிப் போடக்கூடாது. வெற்றிடம் என்றால் 'இல்லை' என்று அர்த்தமில்லை. 'தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். இந்த மாதிரி விஷயங்களில் பதில் சொல்லாமல் போகிறவர்களும் சொன்னவர்களும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கமாட்டார்கள். சொல்வதற்கு அதிகம் வைத்திருப்பவர்தான் முதலில் நழுவுவார்.

அந்தரங்கமே இல்லாத விஷயத்தில்கூட இந்தத் தவறு நடந்திருக்கிறது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். சீட்டு போய்ச்சேர்ந்தவர்கள் யார், திருப்பி அனுப்பாதவர்கள் யார் என்று பார்க்காததால் வந்த வினை. 20 லட்சத்துக்கே இந்தக் கதி. 15 பேரை வைத்துக்கொண்டு "நம்ம பசங்க வீட்ல பிரச்னையே இல்ல" என்று மார்தட்டுவது என்ன கணக்கு?

இனி, "நம்ம ஜனங்க உண்மையச் சொல்ல மாட்டாங்க" என்பதைப் பார்ப்போம். இது அப்பட்டமான பொய். சரியாகக் கேட்டால் நம் பெண்கள் சொல்கிறார்கள்.

மத்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. அதன் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள். அதில் ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்ப வன்முறை பற்றிக் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்று கவனியுங்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். மாமியாரிடம் கேட்டதை மருமகளிடம் கேட்டால் விஷயம் வீட்டுக்குள் பரவிவிடும் அல்லவா? கேட்பவர் பெண். இந்தப் பகுதி தொடங்கும் முன் தனியாக இன்னொரு முறை சம்மதம் கேட்க வேண்டும். யாரும் இல்லாத தனிமை கிடைத்தால்தான் கேட்கவே வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தையே விட்டுவிட வேண்டும்.

கேள்வியும் "உங்கள் வீட்டில் வன்முறை உண்டா?" என்று இல்லை. அறைந்தாரா, கையை முறுக்கினாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். 'வன்முறை' என்றால் நம் பெண்களில் பாதிப் பேர் "அய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்பார்கள். "கோபம் வந்தா ஒரு அறை விடுவார், அவ்வளவுதான்" என்று அதே வாய் சொல்லும். வார்த்தையைக் கேட்டால் மானம் பதில் சொல்லும். நடந்ததைக் கேட்டால் நடந்தது பதில் சொல்லும்.

அப்படிக் கேட்டதில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய சராசரி சுமார் 29. கர்நாடகத்தில் சுமார் 44. இந்த எண்களைப் பார்த்ததும் "தமிழன் இவ்வளவு மோசமா?" என்று சிலர் கிளம்புவீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்தரங்கமான கேள்விக்கு வரும் எண் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: எவ்வளவு நடந்தது, அதில் எவ்வளவு வெளியே சொல்ல முடிந்தது. குறைந்த எண் வந்த மாநிலத்தில் அடி குறைவா, பேச்சு குறைவா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எண் கூடினால் வெட்கப்படுவதும் குறைந்தால் கொண்டாடுவதும் அவசரபுத்தி.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நாடு முழுவதும், உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டு மரியாதையாகக் கேட்ட, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், நம் ஜனங்கள் சொல்ல மாட்டார்களா? உங்களிடம்தான் சொல்லவில்லை. என்னிடமும்தான்.

இந்த இடத்தில் உறவினர்களிடம் பேச வேண்டும். கோபம் வந்தால் வரட்டும்.

சில வருஷத்துக்கு முன் நம் சொந்தத்தில் ஒரு வீட்டில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இப்படி ஓர் ஆய்வுக்கு ஒரு சின்னப் பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். மருமகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். வீட்டுப் பெரியவர், "எங்க முன்னாடியே கேளும்மா, இந்த வீட்ல மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். நானும் தலையாட்டினேன். "அஞ்சே நிமிஷம் பெரியவரே" என்று அவள் கெஞ்சினாள். பெரியவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் தடுப்பூசி, தண்ணீர், கழிப்பறை பற்றி மட்டும் கேட்டுவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டாள். "பாத்தீங்களா, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது" என்றார் பெரியவர்.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. கேட்க வந்ததை அவள் கேட்கவே இல்லை. அவள் செய்தது சரி. நாங்கள் இருக்கும்போது கேட்டிருந்தால் அந்த மருமகளுக்கு ஆபத்து. மறைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்காரர் வெளியே போய் 10 நிமிஷம் திண்ணையில் உட்கார என்ன தடை? மறைக்க ஒன்றுமில்லை என்பவர்தான் முதலில் எழுந்து போக வேண்டும். ஓட்டுப் போடும் இடத்தில் அட்டைத் தடுப்பு வைத்திருக்கிறார்களே, யாரையாவது சந்தேகப்பட்டா வைத்தார்கள்? கணவன் எட்டிப் பார்த்தால் மனைவி போடும் ஓட்டு அவள் ஓட்டாக இருக்காது என்று தெரிந்துதான் வைத்தார்கள்.

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு மாறும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. இந்தியா அதில் இல்லை; பக்கத்து வங்கதேசம் இருந்தது. சிறுவயதில், 15 வயதுக்கு முன், பாலியல் தொந்தரவு நடந்ததா என்பதை முதலில் நேரில் கேட்டார்கள். கடைசியில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு முகங்கள்: ஒன்று சிரித்த முகம், ஒன்று அழுத முகம். நடந்திருந்தால் அழுத முகத்தில் ஒரு குறி. குறி போட்டு மடித்து உறையில் போட்டுவிட வேண்டும். கேட்ட பெண்ணுக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில், வாயால் சொன்னவர்களைவிட அட்டையில் குறி போட்டவர்கள் அதிகம். சில நிமிஷம் முன்பு 'இல்லை' என்று சொன்ன அதே பெண்தான் அட்டையில் அழுத முகத்தைத் தேடியிருக்கிறாள்.

அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பையன்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1998-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தாளில் எழுதக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவு ஹெட்ஃபோனில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் பதிலை அழுத்தியது. இன்னோர் ஆணோடு உறவு கொண்டதாகத் தாளில் சொன்னவர்கள் 1.5 சதவீதம், கணினியில் சொன்னவர்கள் 5.5 சதவீதம். ஒரே மாதிரிப் பையன்கள், ஒரே கேள்வி. தாள் யார் கைக்குப் போகும் என்ற பயம் மட்டும்தான் வித்தியாசம். இதைப் படித்தபோது என் வகுப்பறையில் நான் வாங்கிய தாள்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இனி கணக்கு வாத்தியார் பேசுகிறேன். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரிடமும் உண்மை என்ன என்று தெரிந்துகொள்ளாமலே ஊரின் உண்மையைத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வழி சொன்னார். பிற்காலத்தில் எளிமையாக்கப்பட்ட வடிவத்தைச் சொல்கிறேன். 200 பேரிடம் ஆளுக்கொரு காசு கொடுங்கள். யாருக்கும் காட்டாமல் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 130 பேர் 'ஆம்' என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ல் ஏறக்குறைய 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அந்த 100 'ஆம்' காசு சொன்னது. மீதி 30. பூ விழுந்த 100 பேரில் 30 பேர் உண்மையாகவே 'ஆம்'. ஆக, 30 சதவீதம்.

இப்போது உங்கள் மனைவி 'ஆம்' என்றார் என்று யாராவது வந்து சொன்னால் உங்களால் என்ன செய்ய முடியும்? "எனக்குத் தலை விழுந்துச்சு" என்றால் முடிந்தது. ஊர் மாட்டிக்கொண்டது, ஆள் மாட்டவில்லை.

இதிலும் ஓட்டை உண்டு. 15 பேரிடம் செய்தால் பயனில்லை. காசு ஒழுங்காகப் பாதிக்குப் பாதி விழ ஆள் நிறைய வேண்டும். தலை விழுந்தும் 'ஆம்' என்று சொல்லக் கூசுகிறவர்கள் இருப்பார்கள். சூத்திரம் புரியாதவர் நம்பவும் மாட்டார். அதனால் முதலில் உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு விளையாட்டுக் கேள்வியை வைத்துப் பழக்கிக் காட்ட வேண்டும்.

கணக்கு வேண்டாம் என்றால் இன்னொரு வழி. கர்நாடகத்தில் எச்ஐவி தடுப்புப் பணியில் வாக்குச்சாவடி முறையைப் பயன்படுத்தினார்கள். சிலரைச் சேர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் நடுவில் தடுப்பு வைப்பார்கள். கேள்வியைப் பொதுவாக வாசிப்பார்கள். ஒவ்வொருவரும் சீட்டை 'ஆம்' பெட்டியிலோ 'இல்லை' பெட்டியிலோ போடுவார்கள். சீட்டில் கேள்வி எண் மட்டும்தான் இருக்கும். ஆள் யார் என்று இருக்காது. நேருக்கு நேர் கேட்டபோது வெளிவராத பல விஷயங்கள் பெட்டியில் விழுந்தன. இதற்குக் கணினியும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

"அப்ப, கேட்கிறவர் எப்பவும் தெரியாதவரா இருந்தா போதுமா சார்?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. அதற்கு நம் வேலூரிலேயே சாட்சி இருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலப் பிரிவு பல ஆண்டுகளாக, ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் என்ன என்று வீட்டாரிடம் விசாரித்துப் பதிவு செய்தது. தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. செய்தித்தாளில் "தீராத வயிற்றுவலி" என்று போட்டு முடித்துவிடுவார்கள். நாமும் அர்த்தம் புரிந்துகொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் அந்த வட்டாரத்தில் விசாரணையைத் தொடங்கி வைத்தவர்கள் அந்தந்தக் கிராமத்தில் வருஷக்கணக்காகப் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் வந்துபோன சுகாதாரப் பணியாளர்கள். அவர்களிடம் வீட்டார் மறைக்கவில்லை. 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: 10 முதல் 19 வயதுக்குள், தற்கொலையால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளில் 148 பேர், ஆண்பிள்ளைகளில் 58 பேர். அத்தனையும் என் வகுப்பில் உட்காரும் வயது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, தெரியாதவரா தெரிந்தவரா என்பது கேள்வியில்லை. சொன்னதை வைத்து நம்மை இவர் கெடுக்க மாட்டார் என்று சொல்பவருக்குத் தோன்ற வேண்டும். அவ்வளவுதான். அது சிலரிடம் அந்நியர் என்பதால் வரும். சிலரிடம் பல வருஷப் பழக்கத்தால் வரும். வாத்தியார் சொன்னார் என்பதால் மட்டும் ஒருநாளும் வராது.

"பணம் கொடுத்தா நிரப்புவாங்க சார்" என்கிறவர்களுக்கு: ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேசுகிறவருக்கு அந்தக் கூலியைக் கொடுப்பது நியாயம், கொடுக்க வேண்டும். ஆனால் பணத்துக்கு வாங்க முடிவது அவர் நேரத்தை மட்டும்தான். பயத்தோடு இருப்பவர் காசை வாங்கிக்கொண்டு 'இல்லை' என்று அழுத்திவிட்டுப் போவார். உங்கள் படிவம் நிறையும், ஆய்வு பொய்யாகும்.

"இதையெல்லாம் கேட்டு அவங்க மனசைக் கிளறணுமா?" என்று கேட்பவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால், நான் மேலே சொன்ன 10 நாட்டு ஆய்வில், பேசியது நல்லதாக இருந்தது என்று பல பெண்களே சொன்னார்கள். முதல்முறையாக ஒருவர் உட்கார்ந்து கேட்டாரே என்பதுதான் காரணம். கிளறுவதில் தவறு, கிளறிவிட்டு எழுந்து போவதுதான். உதவிக்கு எங்கே போகலாம் என்று சொல்லத் தெரியாதவர் கேட்கவே கூடாது.

இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஆய்வு செய்பவர்களுக்கு: காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள். பெயரும் எண்ணும் தேவையில்லை என்றால் கேட்காதீர்கள். 'ரகசியம்' என்று எழுதாதீர்கள். யார் பார்ப்பார், எங்கே இருக்கும், எப்போது அழியும் என்று எழுதுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பேசுகிறீர்களா? 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் நீங்கள் புகார் செய்தே ஆக வேண்டும். அப்படியிருக்க "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அந்தக் குழந்தைக்குச் சத்தியம் செய்யாதீர்கள். கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லுங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை உங்கள் அறிக்கையில் மறைக்காமல் போடுங்கள்.

தலைமையாசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு: உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் இப்படிப் படிவத்தைக் கொடுத்து, நிரப்பியவர் பட்டியலைக் கேட்காதீர்கள். வாங்கும் கை உங்களுடையதாக இருக்கவே கூடாது. நூற்றுக்கு நூறு வந்தால் பெருமைப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு: எழுந்து போங்கள். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்து "என்ன கேட்டா?" என்று விசாரிக்காதீர்கள்.

கேட்கப்படுபவர்களுக்கு: வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். பாதியில் எழுந்து போகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தனிமையும் மரியாதையும் கொடுத்து ஒருவர் கேட்டால், முடிந்தால் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத வரைக்கும், "அப்படி ஒன்றும் இல்லை" என்று மேடையில் பேசுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார். உங்களைப் போலவே மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் இன்னொருத்தி, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டே இருப்பாள்.

ஆய்வு செய்யும் பிள்ளைக்கு: அம்மா, அந்தப் படிவத்தை எடுத்துவிடு. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எடுத்துக்கொண்ட விஷயம் முக்கியமானது. அதனால்தான் சொல்கிறேன், அவசரத்தில் கெடுத்துக்கொள்ளாதே. உன் வழிகாட்டியிடமும் உன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடமும் பேசு. காசு சுண்டும் கணக்கை விளக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். விளக்கிவிட்டு, கேள்வி தொடங்கும் முன் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன்.

அன்றைக்கு என் வகுப்பில் உட்கார்ந்து அந்தத் தாளை நிரப்பிய எல்லோருக்கும்: என்னை மன்னியுங்கள். அது இரகசியம் என்று உங்களிடம் சொல்லிவிட்டு நான் அதைப் படித்தேன். எழுந்து நின்ற அந்தப் பையன் இதைப் படித்தால், பதில் எதுவும் எழுத வேண்டாம். உன்னிடம் இன்னொரு முறை பதில் கேட்க எனக்கு உரிமை இல்லை.

படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சில எண்களை எழுதி வைக்கிறேன். பெண்கள் உதவிக்கு 181. குழந்தைகளுக்கு 1098. மனம் தாங்காமல் தவிக்கும்போது பேசுவதற்கு 14416. நீங்கள் கூப்பிட்டீர்களா என்று நான் கேட்க மாட்டேன். வேறு யாரையும் கேட்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்